நடுவில் ஆள் இல்லாத ஆட்டம்

பதுளை வரைக்கும் ரயில் வந்தது 1924இல். எல்ல ஸ்டேஷனுக்கும் தெமோதர ஸ்டேஷனுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைப் பாதைதான். எதிரெதிராக இரண்டு ரயில் வந்துவிட்டால்? அதற்குத்தான் டெப்லட். இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு மெஷின், நடுவில் கம்பி இணைப்பு. அந்தப் பக்கம் சம்மதித்தால்தான் இந்தப் பக்கம் வட்டத் தகடு வெளியே வரும். தகடு கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். ஒன்று வெளியில் இருக்கும்வரை அடுத்தது வராது.

கேம் செய்கிறவர்கள் 'பியர் டு பியர்' என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். நடுவில் சர்வர் கிடையாது, விளையாடுகிறவர்களின் மெஷின்களே ஒன்றையொன்று கேட்டு நடக்கும்.

1993இல் வந்த டூம் கேமில் நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். எந்த பட்டனை அமுக்கினோம் என்பதை மட்டும் செகண்டுக்கு 35 தடவை எல்லாருக்கும் அனுப்பும். மிச்சத்தை அவரவர் கணினியே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஒருத்தருடைய லைன் ஸ்லோ என்றால் எல்லாரும் நிற்க வேண்டியதுதான், தகடு வராத ரயில் மாதிரி. 1997இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இதைச் சமாளித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீங்கள் இப்போது கொடுக்கிற கட்டளை, கொஞ்சம் தள்ளி வரும் ஒரு முறையில்தான் எல்லார் கணினியிலும் ஒன்றாக நடக்கும். அந்த இடைவெளிக்குள் தகவல் போய்ச் சேர்ந்துவிடும். டயல்அப் மோடத்திலேயே பெரிய படைகள் மோதியது இப்படித்தான்.

சண்டை கேம்களுக்கு இந்தக் காத்திருப்பு சரிவராது. டோனி கேனன் உருவாக்கிய ஜிஜிபிஓ காத்திருப்பதே இல்லை. எதிராளி என்ன அமுக்குவார் என்று ஊகித்து ஓடும். ஊகம் தப்பினால் பின்னால் போய்த் திருத்திவிட்டு வரும். (ரயிலில் இப்படிச் செய்ய முடியாது, நல்லவேளை.) 2019இலிருந்து அதன் கோட் எல்லாருக்கும் இலவசம்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்றால், சர்வர் வாடகை டாலரில். 2022இல் சில மாதங்களுக்குள் டாலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியது மறந்திருக்காது. பதுளையில் தனியாக கேம் செய்கிற ஒருத்தருக்கு நடுவில் சர்வர் இல்லாத வழிதான் கட்டுப்படியாகும்.

ஆனால் அங்கேதான் சிக்கலும். 2011 ஏப்ரலில் ஆசிய பசிபிக்குக்கான பழைய வகை ஐபி முகவரிகள் கிட்டத்தட்டத் தீர்ந்துபோயின. மொபைல் நெட்வொர்க்குகள் நிறையப் பேரை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. லயத்துக்கு ஒரே நம்பர், எந்தக் காம்பரா என்று தபால்காரருக்குத் தெரியாத கதை. இரண்டு போனும் தங்கள் வெளி முகவரியை மூன்றாவது மெஷினிடம் கேட்டுத் தெரிந்து, ஒரே நேரத்தில் ஒன்றையொன்று தட்டினால் சில சமயம் கதவு திறக்கும். திறக்காவிட்டால் எல்லவில் இருப்பவரும் பசறையில் இருப்பவரும் ஆடுகிற ஆட்டம் சிங்கப்பூரிலோ மும்பையிலோ இருக்கும் ரிலே வழியாகச் சுற்றி வரலாம். அந்த ரிலேக்கும் பில் வரும்.

அதனால் செய்து பார்க்கிறவர்கள் ஒரே வைஃபையில் இரண்டு போனை வைத்து சோதித்துவிட்டு 'வேலை செய்யுது' என்று சொல்லிவிடாதீர்கள், அங்கே பெரும்பாலும் வேலை செய்யும். இரண்டு கம்பெனி சிம், இரண்டு ஊர். அப்படிச் சோதியுங்கள்.