அமைவடிவக் கோப்பு (டெபியன்)

அமைவடிவக் கோப்பு என்பது டெபியன் லினக்ஸ் வழங்கலிலும், அதனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு முதலிய வழங்கல்களிலும், ஒரு பொதியுடன் நிறுவப்பட்டுப் பின்னர் கணினி நிர்வாகியால் திருத்தப்படக்கூடிய கோப்பாகும். இவை பெரும்பாலும் இடிசி அடைவில் இருக்கும். ஒரே பொதியின் ஒரே பதிப்பைக் கொண்ட இரு கணினிகள் வெவ்வேறாக இயங்குவதற்குப் பல வேளைகளில் இக்கோப்புகளே காரணமாகின்றன.

மேம்படுத்தும் முறை

டெபியனின் பொதி மேலாளரான டிபிகேஜி, ஒவ்வோர் அமைவடிவக் கோப்பின் எம்டி5 சரிபார்ப்பு எண்ணையும் பதிந்து வைக்கிறது. புதிய பதிப்பு வரும்போது, முன்பு பொதியுடன் வந்த கோப்பு, கணினியில் தற்போதுள்ள கோப்பு, புதிதாக வரும் கோப்பு ஆகிய மூன்றும் ஒப்பிடப்படுகின்றன.

* நிர்வாகி கோப்பைத் திருத்தாதிருந்தால், புதிய கோப்பு வினவலின்றி இடப்படும்.
* நிர்வாகி திருத்தியிருந்து, பொதியில் கோப்பு மாறாதிருந்தால், திருத்திய கோப்பே நிலைக்கும்.
* இரண்டும் மாறியிருந்தால், எதை வைத்துக்கொள்வது என நிர்வாகியிடம் வினவப்படும். விடையளிக்காமல் உள்ளிடு விசையை அழுத்தினால் பழைய கோப்பே நிலைக்கும். புதியது டிபிகேஜி-டிஸ்ட் என்னும் பின்னொட்டுடன் அதே அடைவில் சேமிக்கப்படும்.

எனவே ஒரே நாளில் மேம்படுத்தப்பட்ட இரு கணினிகளும், இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடையைப் பொறுத்து வேறுபடலாம். பாதுகாப்புக்காகப் பொதியில் மாற்றப்பட்ட ஓர் இயல்பமைப்பு, பழைய கோப்பைத் தக்கவைத்த கணினியில் நடைமுறைக்கு வராமற் போகலாம். பொதிப் பட்டியலோ இரண்டிலும் ஒரே பதிப்பெண்ணையே காட்டும்.

நீக்கலும் முழுநீக்கலும்

பொதியை நீக்கினாலும் அதன் அமைவடிவக் கோப்புகள் கணினியில் எஞ்சியிருக்கும். பொதிப் பட்டியலில் இந்நிலை ஆர்சி எனக் குறிக்கப்படும். மீண்டும் நிறுவும்போது பழைய அமைப்புகளே தொடரும். அவற்றையும் அகற்ற முழுநீக்கல் தேவை. நிர்வாகி ஒரு அமைவடிவக் கோப்பைத் தாமே அழித்திருந்தால், அதுவும் அவரது விருப்பமாகக் கொள்ளப்படும். ஆகையால் பொதியை மறுபடி நிறுவுவதால் மட்டும் அக்கோப்பு திரும்ப வராது. ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ் என்ற தேர்வைக் கொடுத்தாலே அது மீளும்.

வேறுபாடுகளைக் கண்டறிதல்

1. இரு கணினிகளின் பொதிப் பட்டியல்களையும் பதிப்பெண்களையும் டிஃப் கட்டளையால் ஒப்பிடுதல்.
2. பொதி எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்பதை ஏபிடி-கேஷ் பாலிசி கட்டளையால் அறிதல்.
3. டிபிகேஜி வெரிஃபை தேர்வின் மூலம், பொதியுடன் வந்த நிலையிலிருந்து மாறிய கோப்புகளைப் பட்டியலிடுதல்.
4. நிறுவலின்போது கேட்கப்பட்ட வினாக்களுக்கான விடைகளைச் சேமிக்கும் டெப்கான்ஃப் தரவுத்தளத்தை ஒப்பிடுதல்.
5. டிபிகேஜி-டிஸ்ட், டிபிகேஜி-ஓல்டு பின்னொட்டுள்ள கோப்புகளைத் தேடுதல்.

பிற வழங்கல்கள்

ஃபெடோரா போன்ற ஆர்பிஎம் வழங்கல்கள் மேம்படுத்தலின்போது நிர்வாகியை வினவுவதில்லை. பொதியை உருவாக்கியவர் குறித்தபடி, புதிய கோப்பு ஆர்பிஎம்நியூ என்றோ, திருத்தப்பட்ட பழைய கோப்பு ஆர்பிஎம்சேவ் என்றோ சேமிக்கப்படும்.