மலையேறிய ஊரும் மதில் கட்டிய ஊரும்

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதிக்குப் பிறகு, 'சுனாமி' என்ற சொல்லுக்கு நம் கடற்கரையில் யாரும் அர்த்தம் கேட்பதில்லை. ஆனால் அந்த ஜப்பானியச் சொல்லின் நேர்ப்பொருள் 'துறைமுக அலை' என்பதுதான் என்றால் சற்று வியப்பாகவே இருக்கும். ஆழ்கடலில் இந்த அலையின் உயரம் சொற்பம். நீளமோ பல மைல். படகில் இருப்பவனுக்கு அது தன்னைக் கடந்து போனதே தெரியாது. கரையை நெருங்கி ஆழம் குறையக் குறையத்தான் அது மலையாக எழும்புகிறது. மீனவன் கடலில் பத்திரமாக இருப்பான். துறைமுகத்தில் அவன் வீடு இராது.

ஜப்பானின் வடகிழக்கே சான்ரிக்கு என்ற கடற்கரையில் 1896 ஜூன் 15-ஆம் தேதி அப்படித்தான் நடந்தது. அன்று ஆண் குழந்தைகளின் திருநாள். சீன யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு விருந்துபசாரம் வேறு. மாலை மங்கிய நேரத்தில் பூமி லேசாக ஆடிற்று. அந்த ஜனங்களுக்குப் பூகம்பம் பழகிய விஷயம், யாரும் பொருட்படுத்தவில்லை. கடலடியில் நிலம் மெதுவாக நழுவியதால் ஆட்டம் குறைவாகவும், பெயர்ந்த நீர் மிகுதியாகவும் இருந்தது என்று பிற்காலத்து விஞ்ஞானிகள் கண்டார்கள். அரை மணி நேரத்தில் அலை வந்தது. ரியோரி என்ற ஊரில் அது ஏறிய உயரம் 38 மீட்டர். அந்தக் கடற்கரை நெடுகிலும் மாண்டவர்கள் ஏறத்தாழ 22,000 பேர். ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்கள் மறுநாள் திரும்பும்போது, தங்கள் ஊர் தண்ணீரில் மிதந்து எதிரே வரக் கண்டார்கள்.

தப்பியவர்களில் சிலர் மேட்டுக்குக் குடிபோனார்கள். ஆனால் சில வருஷங்களில் ஒவ்வொருவராகக் கீழே இறங்கிவிட்டார்கள். 1933 மார்ச் 3-ஆம் தேதி விடியுமுன், கடுங்குளிரில், மீண்டும் பூகம்பம், மீண்டும் அலை. இந்தத் தடவை சுமார் 3,000 பேர் போனார்கள்.

ஏன் இறங்கினார்கள்? யாமகுச்சி யாயிச்சிரோ என்ற பூகோள ஆராய்ச்சியாளர் இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு அந்தக் கிராமங்களில் நடந்து திரிந்து, 1943-இல் ஒரு புத்தகமே எழுதினார். அவருக்குக் கிடைத்த பதில்கள் மிகச் சாதாரணமானவை. மேட்டில் குடிதண்ணீர் இல்லை. படகு கண்ணில் படும் தூரத்தில் இல்லாவிட்டால் தொழில் நடக்காது. ஒரு பருவத்தில் மீன் அமோகமாகப் பட்டால், அதைக் கரையேற்றவும் காயப்போடவும் கடலோரத்தில் கொட்டகை வேண்டும். கொட்டகை மெல்ல வீடாகிவிடும். குடும்பம் பூண்டோடு அழிந்த மனையில் வம்சம் அறுந்துவிடக் கூடாதென்று எங்கிருந்தோ உறவினரை அழைத்து வந்து குடிவைத்தார்கள். வந்தவர்கள் அலையைக் கண்ணால் பார்த்தவர்கள் அல்ல. இதையெல்லாம் மடமை என்று உள்நாட்டுக்காரன் சொல்லிவிடலாம். கடல் தினந்தோறும் சோறு போடுகிறது. தலைமுறைக்கு ஒரு முறைதான் உயிர் கேட்கிறது. அன்றாடம் உலை வைக்க வேண்டியவன் எந்தக் கணக்கைப் பார்ப்பான்?

1933-க்குப் பிறகு இரண்டு ஊர்கள் இரண்டு வழியில் போயின. அனெயோஷி என்ற சிற்றூரில் முதல் அலைக்குப் பின் எஞ்சியவர் 2 பேர். இரண்டாம் அலைக்குப் பின் 4 பேர். இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று மலைச்சரிவில் ஒரு கல் நாட்டிவிட்டு, ஊர் அதற்கு மேலே போயிற்று. தாரோ என்ற ஊரோ பெரியது. அத்தனை வீடுகளுக்கு மேட்டில் இடமில்லை. அவர்கள் 1934-இல் மதில் எழுப்பத் தொடங்கினார்கள். யுத்தத்தில் வேலை நின்று, மறுபடி தொடங்கி, 1958-இல் 10 மீட்டர் உயரத்தில் முதல் மதில் நிறைவேறியது. பின்னர் அது இன்னும் நீண்டது. சீனத்துப் பெருஞ்சுவரின் பெயரையே அதற்கு வைத்து, ஊரார் பெருமைப்பட்டார்கள்.

2011 மார்ச் 11-ஆம் தேதி பிற்பகல் 2.46-க்குப் பூமி நடுங்கியது. அந்த மாகாணத்துக்கு வந்த முதல் எச்சரிக்கை 3 மீட்டர் அலை என்றது. 10 மீட்டர் மதிலுக்குப் பின்னால் இருப்பவனுக்கு 3 மீட்டர் ஒரு பொருட்டா? அலை மதிலைத் தாண்டிக் குதித்தது. தாரோவில் ஏறக்குறைய 180 பேர் இறந்தார்கள். அனெயோஷியில் தண்ணீர் மலை மேல் வெகுதூரம் ஏறி, கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. படகுகள் போயின, வீடுகள் தப்பின.

அப்படியானால் மதிலே வீண் என்பதா? இல்லை. அதே கடற்கரையில் ஃபுதாய் என்ற கிராமம் இருக்கிறது. அதன் தலைவராக 40 வருஷம் இருந்த வாமுரா கோத்தோக்கு, 1933-இல் மண்ணிலிருந்து பிணங்களை எடுத்ததைப் பார்த்தவர். 1896-இல் 15 மீட்டர் அலை வந்தது என்று பெரியவர்கள் சொன்னதை அவர் மறக்கவில்லை. அணையும் வெள்ளக் கதவும் 15.5 மீட்டர் இருந்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சின்னக் கிராமத்துக்கு இவ்வளவு செலவா என்று எழுந்த ஏச்சையும் வாங்கிக்கொண்டார். 1984-இல் கதவு முடிந்தது. 1997-இல் அவர் காலமானார். 2011-இல் அந்தக் கதவுக்கு உள்ளே வீடுகள் நனையவில்லை. படகைப் பார்க்கப் போன ஒருவர் மட்டும் திரும்பி வரவில்லை.

கல்லும் மதிலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பார்த்தவன் போன பிறகும் அவன் பார்த்ததைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. வித்தியாசம் ஒன்று உண்டு. மதில், 'நீ தூங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறது. கல்லோ மனிதனை நடக்க வைக்கிறது. தாரோவில் இப்போது 14.7 மீட்டரில் புது மதில் எழும்பியிருக்கிறது. ஆனாலும் பலர் குன்றின் மேல் குடியேறிவிட்டார்கள். அனெயோஷி மீனவர்களுக்கு இது பழைய பாடம். கடலுக்கு இறங்குகிறார்கள், வேலை முடிந்ததும் சரிவில் ஏறி வீடு திரும்புகிறார்கள். அந்த ஏற்றம், கடலோடு குடித்தனம் நடத்துவதற்கு அவர்கள் நாள்தோறும் கட்டும் வரி. தவணை தவறினால் மொத்தமாகக் கட்ட நேரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.