நாணய மாற்று விகிதத் தரவும் வணிகத் திட்டமிடலும்: ஒரு வரலாறு

ஒரு நாட்டின் நாணயத்தை மற்றொரு நாட்டின் நாணயமாக மாற்றும்போது பயன்படும் கணக்கே நாணய மாற்று விகிதம். இதைச் செலாவணி விகிதம் என்றும் சொல்வர். வெளிநாட்டுடன் கொடுக்கல் வாங்கல் உள்ள எந்த நிறுவனமும் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவைத் திட்டமிடும்போது ஒரு விகிதத்தை முன்கூட்டியே வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட முடியும். இன்று அந்த விகிதங்கள் திட்டமிடல் மென்பொருளில் தனி அட்டவணையாக வைக்கப்படுகின்றன. அந்த அட்டவணைக்கு எந்த நாளின் விகிதம், எந்த வகை விகிதம், யார் தந்த விகிதம் என்ற மூன்று கேள்விகள் அடிப்படை. இவை கணினியோடு பிறந்த கேள்விகள் அல்ல. நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு அவற்றுக்கு உண்டு.

அச்சில் வந்த விகிதப் பட்டியல்

ஐரோப்பிய வணிகர்கள் உண்டியல் மூலம் ஊருக்கு ஊர் பணம் அனுப்பிய காலத்தில் விகிதம் என்பது கடிதத்திலும் வாய்மொழியிலும் பரவிய செய்தி. இலண்டனில் 1690களின் இறுதியில் ஜான் காஸ்டைங் என்ற தரகர், ஆம்ஸ்டர்டாம் முதலிய நகரங்களுடனான மாற்று விகிதங்களையும் பங்கு விலைகளையும் ஒரே தாளில் அச்சிட்டு வாரம் இருமுறை வெளியிட்டார். எல்லாரும் பார்க்கக்கூடிய, தேதியிட்ட, ஒரே இடத்திலிருந்து வரும் எண் என்ற வசதி அதனால் கிடைத்தது. நம்பத்தக்க விகிதத் தரவுக்கு இன்றும் தேவைப்படுபவை இந்த மூன்று பண்புகளே.

விகிதம் கவிழ்த்த பட்ஜெட்

திட்டத்துக்கு எடுத்துக்கொண்ட விகிதமும் நடப்பு விகிதமும் வேறுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு, ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவின் நிதிநிலை ஒரு பெரிய பாடம்.

அப்போது இந்திய அரசு ஆண்டுதோறும் இலண்டனுக்குப் பெருந்தொகை அனுப்ப வேண்டியிருந்தது. கடன் வட்டி, ஓய்வூதியம், இராணுவச் செலவு, சாமான் கொள்முதல் ஆகியவை அதில் அடங்கும். ‘ஹோம் சார்ஜஸ்’ என்று பெயர். வரி வசூல் வெள்ளி ரூபாயில். செலுத்த வேண்டியதோ தங்கத்தை அடிப்படையாகக் கொண்ட பவுனில். 1871க்குப் பின் ஜெர்மனி தங்க நாணய முறைக்கு மாறியது. மற்ற நாடுகளும் வெள்ளியைக் கைவிடத் தொடங்கின. வெள்ளியின் விலை சரிந்தது, அதனோடு ரூபாயின் மதிப்பும் சரிந்தது.

1873-74இல் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 22.35 பென்ஸ் கிடைத்தது. 1892-93இல் கிடைத்த சராசரி 14.985 பென்ஸ் மட்டுமே. (ஒரு பவுனுக்கு 240 பென்ஸ்.) அந்த ஆண்டு இலண்டனுக்கு அனுப்பிய தொகை சுமார் 1.65 கோடி பவுன். அதற்கு ஏறத்தாழ 26.48 கோடி ரூபாய் செலவானது. பழைய விகிதமே நீடித்திருந்தால் 17.75 கோடி ரூபாய் போதும். விகிதம் மாறியதால் மட்டும் ஏற்பட்ட கூடுதல் சுமை சுமார் 8.73 கோடி ரூபாய்.

இதில் திட்டமிடுபவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1892-93 பட்ஜெட் ஒரு ரூபாய்க்கு 16 பென்ஸ் என்ற கணிப்பில் சிறு உபரியுடன் போடப்பட்டது. 16 பென்ஸ் என்றால் ஒரு பவுனுக்கு 15 ரூபாய். 15 பென்ஸ் என்றால் 16 ரூபாய். ஒரே ஒரு பென்ஸ் குறைந்தாலும் 1.65 கோடி பவுனுக்கு 1.65 கோடி ரூபாய் அதிகம் தேவை. ஆண்டு முடிவில் உபரி போய்ப் பற்றாக்குறை வந்தது. வரி வசூலில் தவறு இல்லை. எடுத்துக்கொண்ட விகிதம்தான் நிலைக்கவில்லை.

இந்தச் சுமையைக் கடைசியில் சுமந்தவர்கள் எளிய மக்கள். 1886இல் வருமான வரி வந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் செலாவணி நட்டமும் ஒன்று. 1888இல் உப்பு வரி ஒரு மணங்குக்கு 2 ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக உயர்ந்தது. பவுன் என்ற நாணயத்தைக் கண்ணால் பார்த்திராத உழவரும் தம் உப்பின் வழியே அதற்கு விலை கொடுத்தார்.

ஹெர்ஷல் குழுவின் பரிந்துரைப்படி 1893 ஜூன் 26 அன்று, தனியார் கொண்டுவரும் வெள்ளியை நாணயமாக்கித் தரும் வழக்கத்தை இந்திய நாணயச் சாலைகள் நிறுத்தின. பின்னர் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ் (16 பென்ஸ்) என்ற நிலைக்கு வந்து சேர்ந்தது. 1927இல் அது 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று சட்டமாக்கப்பட்டது.

நிலையான விகிதத்தின் காலம்

1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸ் என்ற இடத்தில் 44 நாடுகள் கூடி, நாணயங்களை டாலருடனும் டாலரைத் தங்கத்துடனும் (ஓர் அவுன்ஸ் 35 டாலர்) பிணைக்கும் முறையை வகுத்தன. இந்தக் காலத்தில் ஒரு நிறுவனத்துக்கு விகிதத் தரவு என்பது பெரும்பாலும் ஒரே எண்தான். இந்தியாவில் 1949 செப்டம்பரில் ஒரு டாலரின் விலை 3.31 ரூபாயிலிருந்து 4.76 ரூபாயாக மாறியது. 1966 ஜூன் 6 அன்று 7.50 ரூபாயாக உயர்ந்தது. இடைப்பட்ட 17 ஆண்டுகளில் பேரேட்டின் முதல் பக்கத்தில் ஓர் எண்ணைக் குறித்து வைத்தாலே வேலை முடிந்தது.

ஆனால் மாறும் நாள் வந்தபோது அதிர்ச்சி பெரிதாக இருந்தது. 1966இல் டாலரின் விலை ஒரே நாளில் 57 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. வெளிநாட்டு இயந்திரத்துக்குப் பழைய விகிதத்தில் திட்டம் போட்டவரின் கணக்கு ஒரே இரவில் செல்லாததாயிற்று.

மிதக்கும் விகிதமும் கணினியும்

1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன், டாலருக்குத் தங்கம் தரும் ஏற்பாட்டை நிறுத்தினார். 1973இல் முக்கிய நாணயங்கள் மிதக்கத் தொடங்கின. விகிதம் நாள்தோறும், பின்னர் நொடிதோறும் மாறும் தரவாயிற்று. அதே 1973இல் ராய்ட்டர்ஸ் நிறுவனம் வங்கிகளின் விகிதங்களைத் திரையில் காட்டும் மின்னணுச் சேவையைத் தொடங்கியது.

தரவு பெருகியதும் பெயர்க் குழப்பம் வந்தது. ‘ரூபாய்’ என்றால் இந்திய ரூபாயா, இலங்கை ரூபாயா, பாகிஸ்தான் ரூபாயா, மொரீசியஸ் ரூபாயா? மனிதருக்கு இடம் பார்த்துப் புரியும், கணினிக்குப் புரியாது. 1978இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 4217 தரநிலை ஒவ்வொரு நாணயத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு வழங்கியது. இந்திய ரூபாய்க்கு ஐ.என்.ஆர்., இலங்கை ரூபாய்க்கு எல்.கே.ஆர். என்பவை அவ்வாறு வந்தவை.

இதே காலத்தில்தான் வணிக மென்பொருள் வளர்ந்தது. 1972இல் ஜெர்மனியில் சாப் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1979இல் விசிகால்க் என்ற முதல் பிரபல விரிதாள் வந்தது. விரிதாளில் ஒரு கட்டத்தில் விகிதத்தை இட்டு, மற்றக் கட்டங்கள் அதைப் பார்த்துப் பெருக்கிக்கொள்ளச் செய்யலாம். ஓர் எண்ணை மாற்றினால் முழுத் திட்டமும் மாறும். வசதி பெரிது. ஆனால் ஒவ்வொரு துறையும் தன் விரிதாளில் வேறு வேறு விகிதத்தை வைத்துக்கொண்டால், ஒரே நிறுவனத்துக்குள் ஒரே டாலருக்குப் பல விலைகள் உருவாகிவிடும். விகிதங்களை ஒரே பொது அட்டவணையில் வைத்து, அதைத் திருத்தும் உரிமையைச் சிலருக்கு மட்டும் தரும் முறை இதனால்தான் வலுப்பெற்றது.

விகிதத்தின் வகைகள்

அமெரிக்காவில் 1981இலும், பன்னாட்டு அளவில் 1983இலும் அந்நியச் செலாவணிக்கான கணக்கியல் தரநிலைகள் வெளிவந்தன. பன்னாட்டுத் தரநிலையை ஒட்டிய ‘இந்த் ஏ.எஸ். 21’ இந்தியாவில் இன்று நடைமுறையில் உள்ளது. வெளிநாட்டுக் கிளையின் கணக்கைத் தாய் நிறுவனக் கணக்கோடு சேர்க்கும்போது மூன்று விகிதங்கள் தேவைப்படும்.

இறுதி விகிதம்: கணக்கு முடியும் நாளின் விகிதம். சொத்துகளுக்கும் கடன்களுக்கும் உரியது.

சராசரி விகிதம்: மாதம் அல்லது காலாண்டு முழுவதன் சராசரி. வருவாய்க்கும் செலவுக்கும் நடைமுறையில் பயன்படுவது.

வரலாற்று விகிதம்: பரிவர்த்தனை நடந்த நாளின் விகிதம். பங்கு முதல் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் இதையே வைத்துக்கொள்வர்.

திட்டமிடலில் இவற்றோடு திட்ட விகிதமும் முன்கணிப்பு விகிதமும் சேரும். ஆகவே மென்பொருளின் விகித அட்டவணையில் ஒரு வரிக்கு விகித வகை, எந்த நாணயத்திலிருந்து, எந்த நாணயத்துக்கு, எந்த நாள் முதல், எத்தனை அலகுக்கு, என்ன மதிப்பு என்று குறைந்தது ஆறு விவரங்கள் வேண்டும். அலகு விவரம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இந்தியாவில் ஜப்பானிய யென்னுக்கான விகிதம் 100 யென்னுக்கே தரப்படுகிறது. அதை ஒரு யென்னுக்கு என்று பதிந்துவிட்டால் விடை நூறு மடங்கு தவறும்.

‘எந்த நாள் முதல்’ என்ற விவரத்திலும் ஒரு கண்ணி உண்டு. கேட்ட நாளுக்கு விகிதம் இல்லையென்றால், சாப் போன்ற மென்பொருள் அதற்கு முந்தைய அண்மை நாளின் விகிதத்தை எடுத்துக்கொள்ளும். ஞாயிறு, விடுமுறை நாள்களுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் விகிதங்களைப் புதுப்பிக்கும் வேலை மூன்று மாதம் நின்றுபோனாலும் மென்பொருள் பழைய எண்ணைக் கொண்டே அமைதியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். வெற்றிடம் கண்ணில் படும். பழைய எண் படாது.

ஒரே நாளில் இரண்டு விகிதம்: இந்தியா 1992

1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பு இரண்டு கட்டமாகக் குறைக்கப்பட்டது. 1992 மார்ச் முதல் இரட்டை விகித முறை வந்தது. ஏற்றுமதியாளர் ஈட்டும் அந்நியச் செலாவணியில் 40 விழுக்காடு அரசு விகிதத்திலும் 60 விழுக்காடு சந்தை விகிதத்திலும் மாற்றப்பட்டது. ஒரே நாளில், ஒரே டாலருக்கு, சட்டப்படியே இரண்டு விகிதங்கள்! நாளையும் நாணயத்தையும் மட்டும் வைத்து விகிதம் தேடும் அட்டவணை இங்கே உதவாது. விகித வகை என்ற தனி விவரம் கட்டாயம் தேவை. 1993 மார்ச்சில் இரண்டும் ஒன்றாக்கப்பட்டன.

தரவின் மூலம் எது என்பதும் முக்கியம். இந்திய ரிசர்வ் வங்கி நாள்தோறும் குறிப்பு விகிதம் வெளியிட்டு வந்தது. 2018 ஜூலை 10 முதல் அப்பணி எப்.பி.ஐ.எல். எனப்படும் நிறுவனத்திடம் சென்றது. ஆகவே பல ஆண்டுத் தரவைத் தொகுப்பவர் ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் மூலத்தையும் சேர்த்துப் பதிய வேண்டும்.

யூரோ கற்பித்த விதிகள்

1999 ஜனவரி 1 அன்று 11 ஐரோப்பிய நாடுகள் யூரோவை ஏற்றன. ஒரு யூரோவுக்கு 1.95583 ஜெர்மன் மார்க், 6.55957 பிரெஞ்சு பிராங்க், 1936.27 இத்தாலிய லிரா என்று ஆறு பொருளுடை இலக்கங்களில் விகிதங்கள் நிலைநிறுத்தப்பட்டன. இவற்றைச் சுருக்கக்கூடாது, தலைகீழாக்கிப் பயன்படுத்தக்கூடாது, மார்க்கிலிருந்து பிராங்குக்கு மாற்றவும் யூரோ வழியாகவே செல்ல வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் விதித்தது.

தலைகீழ் விகிதத்துக்கு ஏன் தடை? 10 இலட்சம் லிராவை 1936.27ஆல் வகுத்தால் 516.46 யூரோ. தலைகீழ் விகிதத்தை 0.0005 என்று சுருக்கிப் பெருக்கினால் 500 யூரோ. ஓய்வூதியம் பெறும் ஒருவருக்கு அந்த 16 யூரோ சிறு தொகையன்று. விதியைப் பின்பற்ற அன்றைய வணிக மென்பொருள்களைத் திருத்த வேண்டியிருந்தது.

2005 ஜனவரி 1 அன்று துருக்கி தன் லிராவில் ஆறு சுழியங்களை நீக்கியது. புதிய நாணயத்துக்குப் புதிய குறியீடு தரப்பட்டதால் பழைய தரவும் புதிய தரவும் கலக்காமல் காக்கப்பட்டன.

திட்டமும் நடப்பும்

திட்ட விகிதத்தை ஆண்டு முழுவதும் மாற்றாமல் ஏன் வைத்திருக்க வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு பின்னலாடை நிறுவனம் 10 இலட்சம் டாலர் ஏற்றுமதிக்குத் திட்டமிடுகிறது. திட்ட விகிதம் 80 ரூபாய்; எதிர்பார்க்கும் வருவாய் 8 கோடி ரூபாய். ஆண்டு முடிவில் விற்றது 9.5 இலட்சம் டாலருக்குத்தான். விகிதம் 85 ஆகிவிட்டதால் வருவாய் 8 கோடியே 7.5 இலட்சம். ரூபாயில் பார்த்தால் இலக்கைத் தாண்டிவிட்டது போலத் தோன்றும்.

நடப்பு விற்பனையைத் திட்ட விகிதத்தில் கணக்கிடுங்கள்: 7 கோடியே 60 இலட்சம். அதாவது விற்பனையில் 40 இலட்சம் குறைவு. விகித மாற்றத்தால் 47.5 இலட்சம் கூடுதல். இரண்டையும் கூட்டினால் கிடைப்பதே 7.5 இலட்சம் உபரி. வாங்குபவர் குறைந்திருக்கிறார் என்ற உண்மையைப் பிரித்துக் காட்டியது அந்த மாறாத திட்ட விகிதமே. இடையில் யாராவது திட்ட விகிதத்தின் மேலேயே புதிய எண்ணை எழுதிவிட்டால் இந்த உண்மை மறைந்துவிடும். அதனால்தான் மென்பொருளில் திட்டம், முன்கணிப்பு, நடப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிப்புகள் வைக்கப்படுகின்றன; பழைய பதிப்பு பூட்டப்படுகிறது.

நாளை விகிதம் எவ்வாறு இருக்கும் என்பதை 1892இன் நிதித்துறையாலும் சொல்ல முடியவில்லை. இன்றைய மென்பொருளாலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பென்ஸ் குறைந்தால் எவ்வளவு, இரண்டு பென்ஸ் குறைந்தால் எவ்வளவு என்று முன்கூட்டியே போட்டுப் பார்க்க இன்று சில நிமிடங்கள் போதும். அந்தக் கணக்கைப் போடுவதும், எந்த நாளின் எந்த வகை விகிதத்தை எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதி வைப்பதும் திட்டமிடுபவரின் பொறுப்பாகவே இருக்கின்றன.