வல்லத்துக் கல்லும் கும்மிடிப்பூண்டி வெயிலும்

என் மாமாவுக்கு வயது 52. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் லோடு அனுப்பும் பொறுப்பு. காலையில் ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து கிழக்கு நோக்கி பைக்கில் போவார், சூரியன் நேராக முகத்தில். சாயங்காலம் மேற்கு நோக்கித் திரும்புவார், மறுபடியும் முகத்தில். நடுவில் எட்டு மணி நேரம் திறந்த யார்டில் நின்றுகொண்டு தூரத்தில் லாரி நம்பர் பார்க்கணும், கையில் எடைமேடைச் சீட்டு படிக்கணும். போன மாசம் சீட்டில் 3-ஐ 8 என்று படித்துவிட்டார். அரை நாள் வாய்த்தகராறு.

"தூரத்துக்கு ஒண்ணு, கிட்டத்துக்கு ஒண்ணு, வெயிலுக்கு ஒண்ணு. எனக்கு மூக்கு ஒண்ணுதான்டா மாப்ள" என்றார். மூன்றும் ஒரே கண்ணாடியில் வேண்டும் என்று கடையில் கேட்டிருக்கிறார். அவர்கள் சொன்ன விலை அவர் மாசச் சம்பளத்தில் பாதிக்கு மேல். வேறு வழி இருக்கா என்று என்னிடம் கேட்டார். வழக்கம்போல நான் பதிலைத் தேடிப் போய் வரலாற்றில் மாட்டிக்கொண்டேன். ஆனால் பதிலும் அங்கேதான் கிடைத்தது.

நாற்பது வயது நோய்

கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்குவதைத் தமிழில் வெள்ளெழுத்து என்கிறோம். கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதாக ஆக இறுகிப் போவதால் வருவது. பெரியவர்கள் சாளேஸ்வரம் என்றும் சொல்வார்கள். மராத்தியில் சாளீஸ் என்றால் நாற்பது. அங்கே இந்தக் குறைக்கே சாளீஷி என்றுதான் பெயர். நம் சொல்லையும் அதோடு ஒட்டிப் பார்க்கத் தோன்றுகிறது.

இந்தியாவில் மூக்குக் கண்ணாடி பற்றிய பழைய குறிப்புகளில் ஒன்று விஜயநகர காலத்தைச் சேர்ந்தது. மத்வ மடத்து வியாசராயர் ஓலைச்சுவடி படிக்கக் கண்ணாடி அணிந்திருந்ததை, சோமநாதர் எழுதிய அவருடைய வரலாற்று நூலைக் கொண்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். 16-ம் நூற்றாண்டின் தொடக்கம் அது. அவர் முகத்திலும் இருந்தது படிக்கிற கண்ணாடிதான்.

தஞ்சாவூருக்கு இன்னொரு பெருமை. பக்கத்திலிருக்கும் வல்லத்தில் படிகக் கற்கள் கிடைத்தன. அவற்றை அறுத்து, அரைத்து, மெருகேற்றி மூக்குக் கண்ணாடி செய்தார்கள். படிகம் சாதாரணக் கண்ணாடியைவிடக் கடினமானது, சீக்கிரம் கீறல் விழாது. 'கல் கண்ணாடி கண்ணுக்குக் குளிர்ச்சி' என்ற நம்பிக்கையும் அதோடு வந்தது. தொட்டால் ஜில்லென்று இருப்பது உண்மை. ஆனால் வேடிக்கை என்னவென்றால், வெயிலின் புற ஊதாக் கதிரைச் சாதாரணக் கண்ணாடியாவது ஓரளவு தடுக்கும். படிகம் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். குளிர்ச்சி வேறு, பாதுகாப்பு வேறு. பிற்காலத்தில் கருப்புக் கண்ணாடிக்கு நாம் வைத்துக்கொண்ட 'கூலிங் கிளாஸ்' என்ற பெயரிலும் அதே குளிர்ச்சி ஆசைதான் இருக்கிறது.

மூன்று தேவை, மூன்று கதை

மாமா கேட்ட மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்களால் பிறந்தவை.

முதலாவது, ஒரே சட்டத்தில் தூரமும் கிட்டமும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1784-ல் தன் நண்பர் ஜார்ஜ் வாட்லிக்கு எழுதிய கடிதத்தில் தன்னுடைய 'இரட்டைக் கண்ணாடி' பற்றிச் சொல்கிறார். இரண்டு கண்ணாடிகளையும் மாற்றி மாற்றி மாட்டி அலுத்துப்போய், ஒவ்வொரு வில்லையையும் பாதியாக வெட்டி, மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமாக ஒட்டவைத்தார். சாப்பாட்டு மேசையில் தட்டும் தெரிந்தது, எதிரில் பேசுபவர் முகமும் தெரிந்தது. முகம் தெரிந்ததால் பிரெஞ்சு மொழி நன்றாகப் புரிந்தது என்றும் எழுதுகிறார். மாமாவுக்குத் தட்டுக்குப் பதில் சீட்டு, முகத்துக்குப் பதில் லாரி நம்பர். அவ்வளவுதான் வித்தியாசம்.

1908 வாக்கில் அமெரிக்காவில் ஜான் போர்ஷ் என்பவர் கிட்டப் பார்வைத் துண்டை வில்லைக்குள்ளேயே உருக்கிச் சேர்த்தார். மறைவானது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு 'கிரிப்டாக்' என்று பெயர். நம்மூர் கடையில் 'கே.டி. பைஃபோக்கலா, டி பைஃபோக்கலா?' என்று கேட்கிறார்களே, அந்த கே.டி. இதுதான். டி என்பது கிட்டப் பார்வைத் துண்டின் மேல்விளிம்பு நேர்க்கோடாக இருக்கும் வகை. கோடே இல்லாத புரோக்ரசிவ், 1959-ல் பிரான்சில் பெர்னார் மெத்தனாஸ் உருவாக்கிய வேரிலக்ஸோடு சந்தைக்கு வந்தது. அதன் வளைவு மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. இன்று நல்ல ரகங்களைக் கணினி கணக்குப் போட்டு அரைக்கிறது. அந்த வேலைக்கும் பிராண்டுக்கும் சேர்த்துத்தான் விலை.

இரண்டாவது, வெயில். இதன் கதை கடற்கரையில் தொடங்கவில்லை, உலைக்களத்தில் தொடங்குகிறது. கண்ணாடி உலையில் வேலை செய்தவர்களுக்கு இளவயதிலேயே கண்புரை வந்தது. இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அதற்கென ஒரு குழு போட்டது. வில்லியம் குரூக்ஸ் முந்நூறுக்கும் மேற்பட்ட கண்ணாடிக் கலவைகளைச் செய்து பார்த்தார். வெப்பக் கதிரையும் புற ஊதாக் கதிரையும் மட்டுப்படுத்தும் கலவைகளை 1913-ல் அறிவித்தார். சீரியம் சேர்த்த அந்த வகைதான் பிறகு குரூக்ஸ் கண்ணாடி என்று வெயிலுக்கும் விற்பனையானது. ஆக, கூலிங் கிளாஸின் முன்னோர்களில் ஒருவர் சினிமா நடிகர் அல்ல, உலைத் தொழிலாளி. எஃகு உருக்கும் சிப்காட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வம்சாவளி கிடைக்காது.

மூன்றாவது, விலை. கண்ணாடிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் வில்லையைக் கொண்டுவந்தது சி.ஆர்-39 என்ற ரெசின். 1940-களில் அமெரிக்காவில் உருவானது. எடை குறைவு; அதைவிட முக்கியம், சாயம் ஏறும். பவர் அரைத்த வில்லையைச் சுடச்சுட இருக்கும் சாயத் தொட்டியில் முக்கி எடுத்தால் பழுப்போ சாம்பலோ ஆகிவிடும். சேலைக்குச் சாயம் போடுகிற மாதிரிதான்.

சரி, மாமாவுக்கு என்ன?

கடைக்காரர் சொன்னது பிராண்ட் புரோக்ரசிவ், அதில் வெயிலில் தானாகக் கருக்கும் வகை. அந்த வகை கருப்பதற்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். கார் கண்ணாடியும் பல ஹெல்மெட் முகமூடிகளும் அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஹெல்மெட் போட்டு ஓட்டும்போது, எப்போது கருக்கணுமோ அப்போது சரியாகக் கருக்காது. காசு கொடுத்தும் பாதிப் பலன்.

நான் எழுதிக் கொடுத்தது இது: புதிதாகக் கண் பரிசோதனை. சி.ஆர்-39-ல் டி பைஃபோக்கல். நிரந்தரப் பழுப்புச் சாயம், மூன்றாம் தரக் கருமை. நான்காம் தரம் வண்டி ஓட்ட ஆகாது. யு.வி. 400 பூச்சு கட்டாயம். கருமை மட்டும் இருந்து தடுப்பு இல்லாவிட்டால், பாப்பா விரிந்து கதிர் கூடுதலாக உள்ளே போக வாய்ப்புண்டு. ஃபிரேம் பழையதே போதும், ஆனால் கீழே கிட்டத் துண்டுக்கு இடம் இருக்கும் உயரம் வேண்டும். இருட்டினால் பழைய வெள்ளைக் கண்ணாடி. ஆக இரண்டு கண்ணாடிதான், ஆனால் பகலில் மாற்றவே வேண்டாம்.

வரியிலும் ஒரு செய்தி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பார்வைத் திருத்தக் கண்ணாடிக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதம் ஆனது. பவர் இல்லாத கூலிங் கிளாஸுக்கு 18. பவர் போட்டது திருத்தக் கண்ணாடிதான். பில்லில் பார்த்து வாங்கச் சொன்னேன்.

ஒரு எச்சரிக்கை. இது வெயிலுக்கு. உலைப் பக்கமும் கிரைண்டிங் பக்கமும் போனால் பாதுகாப்புக் காகிள்ஸ்தான் போடணும். துகள் தெறிக்கும், அதிக ஒளி வீசும் வேலைக்குக் காகிள்ஸ் தருவது பற்றி 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 35-ம் பிரிவே பேசியது. ஆனால் அந்தக் காகிள்ஸுக்குள் நாற்பது தாண்டியவரின் வெள்ளெழுத்து என்ன ஆகும் என்று அந்தப் பிரிவு பேசவில்லை. அந்த இடைவெளியில்தான் மாமா போன்றவர்கள் நிற்கிறார்கள்.

இது சின்ன விஷயமில்லை. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது தாண்டிய 751 தொழிலாளர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2018-ல் வெளியானது. கிட்டப் பார்வைக் கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதலாக இலை பறித்தார்கள். விலை மலிவான சாதாரணக் கண்ணாடிதான் கொடுத்தார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1819-லேயே சென்னையில் கண் மருத்துவமனை தொடங்கிவிட்டது; இன்றைய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை அதுதான். கும்மிடிப்பூண்டியிலிருந்து புறநகர் ரயில் ஏறினால் ஒரு காலையில் போய்வந்துவிடலாம். மாமா அங்கேதான் பரிசோதித்துக்கொண்டார். பவர் மாறியிருந்தது. சீட்டில் 3 எட்டானதற்கு வெயில் பாதிக் காரணம்தான். மீதி, மூன்று வருஷமாகக் கண்ணைக் காட்டாதது.

வெளியே ஒரு சின்னக் கடையில் வில்லை மாற்றினார். முதலில் கேட்ட விலையில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை. முதல் வாரம் படி இறங்கும்போது கிட்டத் துண்டு வழியாகத் தரை எழும்பித் தெரிகிறது என்று புலம்பினார். தலையைக் குனிந்து மேல்பாதி வழியாகப் பாருங்க என்றேன். இப்போது பழகிவிட்டது. நேற்று வாட்ஸப்பில் ஒரு எடைச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பி, கீழே எழுதியிருந்தார்: "எட்டு எட்டாவே தெரியுது."