சடங்கன்பாடிக் கடற்கரை

தரங்கம்பாடிக்குச் செல்வோர் பெரும்பாலும் டேனியர் கோட்டையைக் கண்டு மீள்வர். தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியே எழுந்த அக்கோட்டை காணத்தக்கதே; ஆயினும் ஊர் அதனினும் மூத்தது. கோட்டைக்கு வடக்கே, அலைவாய்க்கரையில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுக்கப்பெற்றது. சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் இவ்வூர் வழங்கியதை அதன் கல்வெட்டால் அறிகிறோம். ஐரோப்பியர் நாவில் ‘டிராங்கிபார்’ எனத் திரிந்த பெயரையே பலரும் அறிவர். இப்பழம்பெயர்களை அறிந்தோர் சிலரே.

கோயிலின் முன்பகுதிகளைக் கடல் அரித்துச் சென்றுவிட்டது. கடல்கோளை ஏட்டில் மட்டுமே பயிலும் நம் மாணவர், கரை சிறிதுசிறிதாகக் கடலுக்குள் மறையும் முறையை இங்கே கண்ணாரக் காணலாம். எனவே, முதலில் காண வேண்டியது கோயிலே என்பேன். எஞ்சிய கல்லும் என்றும் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. 2004 ஆழிப்பேரலையும் இக்கரையைத் தாக்கிற்று.

பின்னர் அரசர் தெருவுக்குச் செல்லலாம். 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய ஊர் இது. அவர் கட்டுவித்த புதிய எருசலேம் ஆலயம் (1718) இத்தெருவில்தான் உள்ளது. அவர் கல்லறையும் அதனுள்ளேயே. டேனியர் 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்று அகன்றனர். கோட்டையில் இன்று அருங்காட்சியகம் இயங்குகிறது. அதனை இறுதியில் காணலாம்.