தபாகத்தும் மூவிழைச் சுருளும்

திருச்சிராப்பள்ளியின் இரு கல்லூரிகளுக்குத் தோலோடு தொடர்புண்டு. காட்டூரிலிருந்து தஞ்சைச் சாலை வழியே நகருக்குள் வருவோர் மலைக்கோட்டையை அடுத்துக் காணும் தூய வளனார் கல்லூரி ஒன்று. காஜா நகரில் 1951இல் தொடங்கப்பெற்ற ஜமால் முஹம்மது கல்லூரி மற்றொன்று. பின்னதன் தொடர்பு வெளிப்படையானது; சென்னையின் பெருந்தோல் வணிகர் ஜமால் முஹம்மது சாகிபின் பெயரை அது தாங்கி நிற்கிறது. முன்னதன் தொடர்பைப் பலர் அறியார். தோலின் அணுக்கள் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை உலகுக்குக் காட்டிய அறிஞர் ஜி.என். ராமச்சந்திரன் அங்கேதான் இயற்பியல் பயின்று 1942இல் பட்டம் பெற்றார்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, திண்டுக்கல், சென்னைப் பெரியமேடு ஆகிய ஊர்களில் தோல் வணிகம் நம் சமுதாயத்தார் பலருக்கு வாழ்வளித்தது. அதன் பொருளால் மதரஸாக்களும் கல்லூரிகளும் எழுந்தன. தோலால் வளர்ந்த நாம் தோலைப் பற்றிய அறிவை எந்த அளவுக்கு நமதாக்கிக்கொண்டோம் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

அரபுக் கல்லூரி மாணவர்க்குத் தோல் முதலாண்டுகளிலேயே அறிமுகமாகிவிடும். செத்த பிராணியின் தோல் 'தபாகத்' எனும் பதனிடுதலால் தூய்மையாகிறது என்பது ஃபிக்ஹுச் சட்டம். மைமூனா (ரலி) அவர்கள் வீட்டைச் சார்ந்த ஒரு பெண்ணுக்குத் தரப்பட்ட ஆடு செத்துக் கிடந்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்ட செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. நீரும் 'கரழ்' என்பதும் அதைத் தூய்மையாக்கும் என்ற கருத்தும் அறிவிக்கப்பட்டுள்ளது. கரழ் என்பது கருவேல இனத்து மரத்திலிருந்து கிடைக்கும் துவர்ப்புப் பொருளாகும். நம் ஊர்த் தோல்ஷாப்புகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்த வேலையை அரபு நாட்டில் அது செய்தது.

இங்கே ஃபுகஹாக்கள் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கண்டனர். தோலில் எஞ்சியுள்ள கசிவுகளைக் காரமும் துவர்ப்பும் உள்ள பொருளால் நீக்குவதே தபாகத் என்றும், வெயிலில் காயவைப்பதோ மண் தூவுவதோ போதாது என்றும் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் விதித்தனர். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி அவர்களின் 'மின்ஹாஜ்' இதையே கூறுகிறது. காய்ந்த தோலை மீண்டும் நீரில் இட்டால் நாற்றமும் அழுகலும் திரும்பிவிடும். பதனிட்ட தோலில் அவை திரும்புவதில்லை. இதுவே அவர்கள் கொண்ட அளவுகோல். ஹனஃபீ மத்ஹபில் வெயிலும் மண்ணும் தபாகத்தாக ஏற்கப்படுகின்றன. அக்கருத்து வேறுபாட்டில் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. காய்வதற்கும் பதமாவதற்கும் பொருளின் உள்ளே என்ன வேறுபாடு என்பதையே அறிய விழைகிறோம். இதற்கு விடை கிடைக்கத் தோலின் அணுக்கட்டமைப்பு விளங்க வேண்டியிருந்தது.

ராமச்சந்திரன் 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். திருச்சியில் பயின்றபின் பெங்களூரில் சர் சி.வி. ராமனின் மாணவரானார். ராமனும் திருச்சி மண்ணுக்குரியவரே. 1888இல் திருவானைக்காவலில் பிறந்தவர். பின்னர்க் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய ராமச்சந்திரன், 1952இல் முப்பது வயது நிறையுமுன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானார். அங்கு வருகை தந்த ஆங்கில அறிஞர் பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் கட்டமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று சொன்னது அவரைத் தூண்டிற்று.

கொலாஜன் வேறெதுவுமன்று, மயிரும் சதையும் நீக்கிய தோலின் பெரும்பகுதி அதுவே. எலும்பிலும் தசைநாரிலும் அது உள்ளது. அவ்வாய்வுக்கு வேண்டிய பொருளைப் பெற, 1948இல் சென்னையில் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அண்டையிலேயே இருந்தது. கங்காருவின் வால் தசைநாரிலிருந்து பெற்ற கொலாஜனை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து, ராமச்சந்திரனும் அவருடைய மாணவர் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் 'நேச்சர்' இதழில் தம் முதல் முடிவை வெளியிட்டனர். 1955இல் அதைத் திருத்தி, மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கேறிய கயிறுபோல் அமைந்ததே கொலாஜன் என்றனர்.

இக்கயிற்றில் இருவகைப் பிணைப்புகளை நோக்க வேண்டும். ஒவ்வோர் இழையிலும் ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள் வரிசையாக உள்ளன. ஒன்றின் கார்பன் அணுவும் அடுத்ததன் நைட்ரஜன் அணுவும் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு இணைகின்றன. இது வலிய பிணைப்பு. இழைக்கும் இழைக்கும் இடையே இருப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. நைட்ரஜனோடு சேர்ந்த ஹைட்ரஜன் அணு, அடுத்த இழையின் ஆக்சிஜன் அணுவால் ஈர்க்கப்படுவதால் அது உண்டாகிறது. தனித்தனியே மெலியது, எண்ணற்றவை கூடும்போது வலியது. ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் என்னும் மிகச்சிறிய அமினோ அமிலமே வருகிறது. மூன்று இழைகள் நெருங்கும் நடுப்பகுதியில் வேறெதற்கும் இடமில்லை. அவ்விடத்தில் வேறொன்று புகுந்துவிட்டால் எளிதில் முறியும் எலும்புகளோடு குழந்தை பிறக்க நேரிடும். ஓர் அணுக்கூட்டத்தின் இடம் மாறுவது ஓர் உயிரின் துன்பமாகிறது.

பச்சைத் தோலைச் சுமார் 60 பாகைக்குமேல் நீரில் சூடாக்கினால் சுருங்குவதும், தொடர்ந்து காய்ச்சினால் ஜெலட்டினாகக் கரைவதும் இதனால்தான். வெப்பம் முதலில் அவிழ்ப்பது மெலிய பிணைப்புகளையே. வலிய பிணைப்புகளுள் பெரும்பாலானவை ஜெலட்டினிலும் எஞ்சுகின்றன. ஜெலட்டின் பொருள் மாற்றமடைந்ததா என்று 'இஸ்திஹாலா' குறித்து உரையாடும் ஆலிம்கள் இவ்விவரத்தையும் அறிந்திருத்தல் நலம்.

ராமச்சந்திரனின் முடிவு மறுப்பின்றி ஏற்கப்படவில்லை. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று அவர் கூற, கிரிக்கும் ரிச்சும் ஒன்றே உண்டு என்றனர். அவருடைய அமைப்பில் சில அணுக்கள் அளவுக்குமீறி நெருங்குகின்றன என்பது அவர்கள் வாதம். எவ்வளவு நெருக்கம் 'அளவுக்கு மீறியது' என்பதற்கு அன்று உறுதியான அளவு இருக்கவில்லை. அவர் அதையே தேடினார். கட்டமைப்பு அறியப்பட்ட பொருள்களில் அணுக்களின் இடைவெளிகளைத் தொகுத்து, புரத இழை எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும் என்று கணக்கிட்டார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட அவ்வரைபடம் 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று வழங்குகிறது. புதிதாகக் கண்டறியப்படும் புரதக் கட்டமைப்புகள் இன்றும் அதன்மீது வைத்துச் சரிபார்க்கப்படுகின்றன. 1994இல் வெளியான நுட்பமான படிக ஆய்வு, நேரடிப் பிணைப்பு ஒன்றே என்பதையும், நீர் மூலக்கூறுகள் இழைகளைச் சூழ்ந்து மேலும் பிணைப்பதையும் காட்டிற்று. எண்ணிக்கையில் மறுத்தோர் பக்கம் உண்மை இருந்தது. மூவிழைச் சுருள் நிலைத்தது. மறுப்புக்கு விடையாகச் சினத்தைத் தராமல் அளவுகோலைத் தந்ததில், கருத்து வேறுபாட்டின் ஒழுக்கத்தைப் பேசும் நமக்குப் பாடமுண்டு. ராமச்சந்திரன் 2001இல் சென்னையில் மறைந்தார்.

இனி நம் வினாவுக்கு வருவோம். வெயில், இழைகளுக்கிடையே உள்ள நீரை மட்டுமே வெளியேற்றுகிறது. புதிய பிணைப்பு எதையும் உண்டாக்குவதில்லை. நீர் திரும்பினால் நுண்ணுயிர்களும் திரும்புகின்றன. துவர்ப்புப் பொருளோ இழைகளுக்கிடையே நுழைந்து பல இடங்களில் ஹைட்ரஜன் பிணைப்புகளால் அவற்றைக் கட்டிவிடுகிறது. ஆகவே வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்குகிறது, அழுகல் அணுகுவதில்லை. நீரில் இட்டுப் பார்க்கும் அந்தச் சோதனை உண்மையில் பிணைப்பைச் சோதிப்பதாக இருந்தது.

ஆவாரம்பட்டையின் இடத்தைக் குரோமிய உப்பு பெருமளவு பிடித்துக்கொண்டது. குரோமியம் கொலாஜனின் அமிலப் பகுதிகளோடு மேலும் உறுதியாக இணைகிறது; அவ்வாறு பதனிட்ட தோல் கொதிநீரையும் தாங்கும். ஆனால் வழக்கமான முறையில் இடப்படும் குரோமியத்தில் 60 முதல் 70 விழுக்காடே தோலில் பிணைகிறது. பிணையாதது கழிவுநீரில் செல்கிறது. அதனோடு உப்பும் சுண்ணாம்பும் பிறவும் பாலாற்றங்கரையின் நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்தன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நிலைநாட்டியது. 2025 ஜனவரியில் பாலாற்றின் பாதிப்புக்காக அந்நீதிமன்றம் மீண்டும் ஆணை பிறப்பிக்க நேர்ந்தது.

தோலைத் தூய்மையாக்கும் செயல் நீரை அசுத்தமாக்கிற்று. அக்கிணறுகளில் உளூச் செய்வோரும் குடிப்போரும் பெரும்பாலும் அதே ஊரார்தாம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தன என்பதும், ஆயிரக்கணக்கான தொழிலாளர் இத்தொழிலை நம்பி வாழ்கின்றனர் என்பதும் மெய்யே. ஆயினும் குரோமியத்தை முழுமையாகப் பிணைக்கும் வழியும், அது இன்றியே பதனிடும் வழியும் ஆய்வாளர்கள் தேடிவருவனவாகும். அத்தேடலில் பங்குகொள்ளும் பொறுப்பு, தோலால் எழுந்த கல்லூரிகளுக்கும் அவற்றைப் பேணும் செல்வர்க்கும் பிறரினும் மிகுதி.

நம் மதரஸாக்களில் ஓதப்படும் அபூஷுஜாவின் சுருக்க நூலில் தூய்மையின் பாடம் நீர் வகைகளோடு தொடங்குகிறது. செத்த பிராணியின் தோல் அதற்கு அடுத்தே வருகிறது. அவ்விரு பாடங்களையும் ஒருசேர நடத்தும் ஆசிரியர், மாணவரை ஒருமுறை பாலாற்றங்கரைக்கு அழைத்துச் செல்வது தகும்.