ஆயர்களின் வெள்ளித் தகட்டுக் காசுகள்

பிராக்டியேட் என்பது 12, 13ஆம் நூற்றாண்டுகளில் செருமானியப் பகுதிகளில் பரவலாக வழங்கிய, ஒரு பக்கம் மட்டும் அச்சிடப்பட்ட மெல்லிய வெள்ளிக் காசு ஆகும். மெல்லிய உலோகத் தகட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிற்கால அறிஞர்கள் இப்பெயரை அமைத்தனர். அக்கால மக்களுக்கு அது வெறும் 'பெனிக்' தான்.

8ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் சார்லமேன் ஒரு பவுண்டு வெள்ளிக்கு 240 காசுகள் என வரையறுத்தார். அப்போது காசு அடிப்பது அரசரின் உரிமை. 10ஆம் நூற்றாண்டில் ஒட்டோ மரபு அரசர்கள் அவ்வுரிமையைச் சந்தை, சுங்க உரிமைகளோடு சேர்த்து ஆயர்களுக்கும் மடங்களுக்கும் தாராளமாக வழங்கினர். கொடுத்ததைத் திரும்பப் பெறுவது எளிதாக இருக்கவில்லை. 1220இல் பேரரசர் இரண்டாம் பிரெடரிக், ஆயர்களின் நிலப்பகுதிகளில் அவர்கள் இசைவின்றிப் புதிய அக்கசாலையோ சுங்கச்சாவடியோ அமைப்பதில்லை என்று எழுத்திலேயே உறுதியளித்தார்.

தோலோ ஈயமோ போன்ற மென்மையான அடித்தளத்தின் மேல் வெள்ளித் தகட்டை வைத்து, ஒரே அச்சால் அடித்து இக்காசுகள் செய்யப்பட்டன. எடை பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் குறைவு. ஆனால் காசு அகலமானது. ஆகவே சிற்பம் செதுக்க இடம் கிடைத்தது. மாக்டபர்க் காசுகளில் புனித மொரீசியஸ் நிற்கிறார். ஆல்பர்ஸ்டாட் ஆயர் உல்ரிக்கின் காலக் காசுகளில் புனித ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்படும் காட்சியைக் காணலாம். இவ்வளவு நேர்த்தியான வேலை, கையில் எடுத்தால் அப்பளம் போல நொறுங்கக்கூடிய தகட்டின் மேல்!

அவை நெடுநாள் உழைக்கத் தேவையிருக்கவில்லை என்பதே இதன் மறுபக்கம். குறிப்பிட்ட நாளில் பழைய காசு செல்லாது என்று அறிவிக்கப்படும். சந்தைக்கு வருவோர் 4 பழைய காசுகளைக் கொடுத்து 3 புதிய காசுகளைப் பெற வேண்டும். இதுவே பரவலான விகிதம். எஞ்சிய ஒன்று காசு வெளியிட்டவருக்கு. 1192இல் காலமான மாக்டபர்க் பேராயர் விக்மான் இதை ஆண்டுக்கு இருமுறை செய்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12 காசுகளைச் சேமித்து வைத்த கைவினைஞரிடம் முதல் மாற்றத்தில் 9 மிஞ்சும், இரண்டாவதில் 7 கூடத் தேறாது. பெருவணிகர்கள் வெள்ளிக் கட்டிகளை எடைபோட்டுக் கொடுத்துத் தப்பித்தனர். சில்லறையாகவே வாழ்ந்தவர்களால் அது முடியவில்லை. பெயர்தான் நாணயப் புதுப்பிப்பு. நடைமுறையில் அது வரி.

இதே சாக்சனி வட்டாரத்தில் 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐக்கே ஃபான் ரெப்கோ தொகுத்த 'சாக்சன்ஸ்பீகல்' என்ற சட்ட நூல், புதிய தலைவர் பதவிக்கு வரும்போதே காசைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது. வழக்கமும் நடைமுறையும் எவ்வளவு விலகியிருந்தன என்பதை இந்த விதியே காட்டுகிறது. இம்முறை பணத்தைத் தேங்கவிடாமல் சுழலச் செய்தது என்று 20ஆம் நூற்றாண்டில் சிலர் பாராட்டினர். அந்தக் கைவினைஞரைக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

எல்லா ஆயர்களும் இப்படி நடக்கவில்லை. தொலைதூர வணிகத்தை நம்பியிருந்த கொலோன் நகரில் பேராயரின் பெனிக் தடிமனாக, இருபுறமும் அச்சிடப்பட்டு, எடை குறையாமல் நெடுங்காலம் நிலைத்தது. அதனால் வெளியூர்களிலும் அது ஏற்கப்பட்டது.

திரும்பி வந்த பிராக்டியேட்கள் உருக்கப்பட்டன. இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை மண்ணில் புதைக்கப்பட்டு, பிறகு எடுக்கப்படாமல் போனவை. 1860இல் ஃப்ரெக்லெபன் என்னும் ஊரில் கிடைத்த புதையல் அவற்றுள் புகழ்பெற்றது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நகரங்கள் பல பெருந்தொகை கொடுத்து நாணய உரிமையை வாங்கி, மாற்றத் தேவையில்லாத 'நிரந்தர பெனிக்'கை வெளியிட்டன. 1300இல் பிராகாவிலும் 1338 அளவில் மைசனிலும் குரோஷன் என்னும் கனத்த வெள்ளிக் காசு வந்தபின், தகட்டுக் காசு சில்லறை நிலைக்குத் தாழ்ந்தது.